மூன்றாவது ஊசி

அரிசோனாவில், டூசானுக்கு வடக்கே இருக்கும் அந்தச் சின்ன விமானத் திடலுக்கு ஜூலை மாதத்து நடுப்பகலில் யாரும் வருவதில்லை. வெயில் ஏறுவதற்குள் வேலையை முடித்துக்கொண்டு அவரவர் வீட்டுக் குளிருக்குள் போய் முடங்கிவிடுவார்கள். தார் இளகிக் கிடக்கும் ஓடுபாதையில் பல்லிகூட ஓடாது. பேய்க்கதைக்கு இருட்டு வேண்டும் என்று நினைப்பவர்கள் இப்போதே சொல்லிவிடுங்கள், கண்ணுகளா. இந்தக் கதையில் கடைசிவரை வெயில்தான்.

ஏழாம் கொட்டகையின் முன்னால் ஒரு பழைய பிக்கப் வண்டி புழுதியோடு வந்து நின்றது. பின்னாலும் ஒரு வரிசை இருக்கை உள்ள வண்டி. இறங்கியவள் மார்லிஸ். அறுபதைத் தாண்டியவள், பருத்தி வயல்களுக்கு மருந்தடிக்கும் விமானம் ஓட்டியே வாழ்நாளைக் கழித்தவள். கூட இறங்கியவன் அவள் தம்பி ஓரின். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய வாய்.

கதவைத் தள்ளினார்கள். தகரக் கூரையின் கீழே அவர்களுடைய ஜெட் நின்றது.

செக்கோஸ்லோவாக்கிய விமானப்படையில் பையன்களுக்குப் பறக்கக் கற்றுக்கொடுத்த விமானம் அது. முன்னால் மாணவன், பின்னால் ஆசிரியர், நடுவில் ஒரு தடுப்புக் கண்ணாடி. இருவர் தலைக்கு மேலும் தனித்தனியாக ஒரு கண்ணாடி மூடி. ராணுவம் கழித்துவிட்டதைக் கப்பலில் வரவழைத்து, நான்கு வருடமாக அக்காவும் தம்பியும் துருவைச் சுரண்டி, ஒயர்களை மாற்றி, குழாய்களைப் புதிதாக இழுத்து, வெள்ளியும் சிவப்புமாக வண்ணம் அடித்திருந்தார்கள். நாளைக் காலை அது முதல்முறையாக மேலே போகிறது. மார்லிஸ் மட்டும், தனியாக.

தனியாகப் பறப்பதற்கு ஒரு வழக்கம் உண்டு. ஆளில்லாத பின்சீட்டின் பெல்ட்டுகளைப் பூட்டி, சீட்டோடு ஒட்ட இறுக்கிவிட வேண்டும். தளர்ந்து கிடந்தால் பின்னால் இருக்கும் ஓட்டுகோலில் போய்ச் சிக்கிக்கொள்ளும். அப்புறம் முன்னால் இருப்பவர் என்ன இழுத்தாலும் விமானம் கேட்காது.

மார்லிஸ் ஏணியில் ஏறிப் பின்சீட்டை எட்டிப் பார்த்தாள்.

"டேய், மறுபடியும் தளர்த்தி வச்சிருக்க."

"நான் தொடவே இல்லக்கா."

"பூட்டு பூட்டினபடியே இருக்கு. பெல்ட்டு மட்டும் தளர்ந்திருக்கு. பாரு, ஒரு ஆள் உக்கார்ற அளவுக்கு."

"என் அளவா அது?" ஓரின் தன் தொந்தியைத் தட்டிக் காட்டினான். "அதுக்குள்ள என் தொடை ஒண்ணுதான் போகும். இது யாரோ ஒல்லி ஆசாமி. நாலு வருஷமா உன் பின்னாடியே உக்காந்து உன்னப் பாத்துட்டிருக்கான். பேசி முடிச்சிடலாமா?"

"வாய மூடிட்டு அந்தத் துணிய எடுத்துக் குடு."

இது முதல் தடவை இல்லை. கட்டுவாள். இரண்டு நாள் கழித்து வந்து பார்த்தால் பெல்ட் நடுவில் ஓர் உடம்பின் இடம் இருக்கும். தம்பி விளையாடுகிறான் என்று அவள் நினைத்தாள். அக்காவுக்கு மறதி வந்துவிட்டது என்று அவன் நினைத்தான். மற்றவர் மனம் நோகக் கூடாதென்று இருவரும் அதைப் பெரிதாகப் பேசவில்லை.

பின்மூடியின் கண்ணாடியும் அப்படித்தான். உட்புறம் மெல்லிய கீறல்கள். சொரசொரப்பான தாளில் தொடங்கி, வழுவழுப்பான தாள்வரை ஒன்றன்பின் ஒன்றாகத் தேய்த்து, பாலிஷ் போட்டு, தண்ணீர் மாதிரி தெளிய வைத்துவிட்டுப் போவார்கள். ஒரு மாதத்தில் கீறல் திரும்ப வந்திருக்கும்.

விற்றவர் லூமிர் என்கிற செக் நாட்டு வியாபாரி. போன வருடம் ஒருநாள் ஓரின் அவருக்குப் போன் போட்டு, கண்ணாடி மட்டமான சரக்கா என்று சண்டைக்குப் போனான்.

"சரக்கு நல்ல சரக்குதான் தம்பி," என்றார் லூமிர். "அந்த விமானம் ஒரு குளிர்காலத்துல பீட்ரூட் வயல்ல தானா இறங்குச்சு. எஞ்சின் நின்னுபோச்சு. ஆசிரியர் 'குதி'ன்னு சொல்லணும், மூணு தடவ. எங்க பாஷையில 'ஸ்கோச்'. மூணாவதுக்குத்தான் ரெண்டு பேரும் கிளம்பணும். பையன் ரெண்டாவதுக்கே இழுத்துட்டான். அவன் சீட்டு போன அதிர்ச்சியில பின்மூடி கோணிக்கிச்சு. அவரால திறக்க முடியல. முன்னாடி ஆள் இல்லாத விமானம், பனி மேல வயித்த வச்சு அழகா உக்காந்துடுச்சு. ஊரெல்லாம் மூடுபனி. அது விலகினப்புறம்தான் கண்டுபிடிச்சாங்க."

"ஆசிரியர்?"

"பெல்ட்டு போட்டபடி விறைச்சுப் போயிருந்தார். கையுறைய மட்டும் கழட்டியிருந்தார்." லூமிர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "மூடியோட சட்டத்த நிமித்திட்டாங்க. கண்ணாடி அதே கண்ணாடிதான்."

அந்த வட்டாரத்தில் பழைய ராணுவ விமானம் வாங்குகிறவர்கள் இதற்கெல்லாம் மலைப்பதில்லை. ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவர் செத்திருப்பார். ஓரினும் தோளைக் குலுக்கிவிட்டு, ஒரு வேடிக்கையைப் பிடித்துக்கொண்டான். ஒத்திகைக்குப் பின்சீட்டில் ஏறும்போதெல்லாம் சொல்வான்: "ஸ்கோச்னு மூணு தடவ சொல்வேன்க்கா. மூணாவதுக்கு 'என்ன?'ன்னு கேட்டியோ, பதில் சொல்ல பக்கத்துல ஆள் இருக்காது."

ஒவ்வொரு முறையும் அவள் சிரிப்பாள். பிறகு மூன்றாவதைக் கேட்டதும் கை தானாகக் கீழே போய் முழங்கால்களுக்கு நடுவே இருக்கும் கைப்பிடியைப் பிடிக்கும். நூறு முறை. கை யோசிக்கக் கூடாது என்பதற்குத்தான் அந்த ஒத்திகையே.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், அதுதான் முக்கியம். ஆபத்தில் ஆளோடு சேர்த்து வெளியே எறியும் ராக்கெட் சீட் அது. தரையில் இருக்கும்போது தவறி வெடித்துவிடாமல் அதில் மூன்று ஊசிகள் செருகியிருக்கும். விரல் நீள எஃகு ஊசிகள், ஒவ்வொன்றின் தலையிலும் சிவப்பு நாடா. கிளம்பும் முன் முன்னால் இருப்பவர் மூன்றையும் உருவி, தோளுக்கு மேலே தூக்கிப் பின்னால் இருப்பவருக்குக் காட்டுவார். அவர் எண்ணிப் பார்த்து, தடுப்புக் கண்ணாடியில் மூன்று தட்டுத் தட்டுவார். இறங்கும்போது ஊசிகளைத் திரும்பச் செருகி, வெறுங்கையைத் தூக்கிக் காட்டுவார். மறுபடி மூன்று தட்டு. அதற்கு முன்னால் யாரும் மூடியைத் திறப்பதில்லை.

நான்கு வருடமும் அந்த ஒத்திகை வெறும் சீட்டில் நடந்தது. அன்று காலைதான் ராக்கெட் வேலை தெரிந்த ஒருவர் வந்து, இரண்டு சீட்டுக்கும் வெடிமருந்து ஏற்றிவிட்டுப் போயிருந்தார்.

"பசிக்குது," என்றான் ஓரின். "பரீட்டோவும் ஐஸும் வாங்கிட்டு வரேன். உனக்கு மிளகாய் தூக்கலாவா?"

"ம். போறதுக்கு முன்னாடி கதவ சாத்திட்டுப் போ. புழுதி வருது."

வண்டிச் சத்தம் தேய்ந்து போனது. மார்லிஸ் பின்சீட்டுப் பெல்ட்டுகளை இழுத்து, முழங்காலைக் கொடுத்து அழுத்தி, இறுக்கிக் கட்டினாள். முன்சீட்டில் இறங்கி உட்கார்ந்தாள். கையை ஒரு தடவை ஓடவிட்டுப் பார்க்கலாம் என்று தோன்றியது. மூடியைப் போடாமல் ஒத்திகை முழுசாகாது, போட்டாள். ஒரு நிமிடம்தானே.

ஹெட்போன். தோள் பெல்ட். இடுப்பு பெல்ட். கண்ணாடிக்குள் சூடு குபுகுபுவென்று ஏறியது. ரப்பரும் புதுப் பெயின்டும் வியர்வையும் கலந்த வாடை.

கை ஓடிக்கொண்டிருந்தது. யோசிக்காமல் ஓடத்தானே அதைப் பழக்கியிருந்தாள்.

ஒன்று. இரண்டு. மூன்று. ஊசிகளை உருவி, தோளுக்கு மேலே தூக்கிக் காட்டினாள்.

அப்போதுதான் உறைத்தது. இது இனி வெறும் சீட் இல்லை. உருவியது நிஜ ஊசி. மேலே தகரக் கூரை, அதற்குக் கீழே இரும்பு உத்தரம்.

ச்சே என்று கையைக் கீழே இறக்கப் போனாள்.

டக்.

டக்.

டக்.

தடுப்புக் கண்ணாடியில். அவள் தலைக்கு ஒரு முழம் பின்னால்.

கை உதறியது. ஓர் ஊசி நழுவிச் சீட்டின் பக்கவாட்டில் விழுந்து, எங்கோ அடியில் கிணுங்கி நின்றது.

"ஓரின்?"

மூடிச் சட்டத்தில் பின்னால் பார்க்க ஒரு சிறு கண்ணாடி உண்டு. அதில் பின்சீட்டு தெரிந்தது. ஆள் இல்லை. பெல்ட்டுகள் மட்டும் இருந்தன. சற்றுமுன் சீட்டோடு ஒட்ட இறுக்கியவை இப்போது முன்னால் தள்ளி நின்றன. அவை அசைந்தன. மெல்ல உயர்ந்து, மெல்லத் தாழ்ந்தன.

மூச்சு விடும்போது மார்பு அசையுமே, அப்படி.

அவள் மூடியின் பிடியைத் திருப்பினாள். அது நகரவில்லை. இரு கையாலும் திருப்பினாள். தோளால் இடித்தாள். புதிதாக எண்ணெய் போட்ட பிடி, பாறையில் வார்த்தது போல நின்றது. வியர்வை கண்ணில் இறங்கி எரிந்தது. உள்ளே காற்று வெந்த துணி மாதிரி மூக்கை அடைத்தது. கதவு சாத்திய கொட்டகை. கத்தினால் கேட்க ஒரு ஜீவன் கிடையாது.

அப்போது பின்கழுத்தில் குளிர் பட்டது.

சிறு கண்ணாடியில் பார்த்தாள். பின்மூடியின் உட்புறம் ஓரங்களிலிருந்து வெளுத்துக்கொண்டு வந்தது. உறைபனி. அரிசோனாவின் ஜூலை வெயிலில், இலை நரம்பு போலக் கிளை விட்டு, கண்ணாடி முழுக்கப் படர்ந்தது. அந்த வெண்மையில் யாரோ நகத்தால் இழுப்பது போல் ஒரு கோடு விழுந்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று.

பேட்டரியோடு இணைக்காத ஹெட்போன் அது. அதில் மூச்சுச் சத்தம் கேட்டது. பிறகு, களைத்துப்போன ஆணின் குரல். அமைதியாக, வகுப்பில் சொல்வது போல.

"ஸ்கோச்."

அவள் வலது கை மடியிலிருந்து கிளம்பியது. அவள் அதை அனுப்பவில்லை. இடது கையால் எட்டிப் பிடித்து, தொடைக்கு அடியில் அழுத்தி வைத்தாள்.

கண்ணுகளா, அவள் பயந்தது பின்னால் இருந்தவரை இல்லை. தன் கையை. மூன்றாவது சொல் வந்தால் அது யாரையும் கேட்காது. இழுக்கும். இழுத்தால் அந்தச் சீட் அவளை இரும்பு உத்தரத்தில் கொண்டுபோய் அறையும்.

'செருகு. திரும்பச் செருகு. இறங்குற ஒத்திகையப் பண்ணு.' தனக்குத்தானே முணுமுணுத்தாள். தோளுக்குப் பின்னால் ராக்கெட்டுக்கு ஓர் ஊசி. மூடியைப் பிய்த்தெறியும் நெம்புகோலுக்கு ஓர் ஊசி. முதல் குத்தில் துளை தப்பியது. மறுபடி வைத்து அழுத்தினாள். இரண்டும் இறங்கின.

கைப்பிடிக்கான மூன்றாவது ஊசி கீழே கிடந்தது. குனிய முடியாது. குனிந்தால் நெஞ்சு கைப்பிடி மேல் அழுந்தும்.

"ஸ்கோச்."

இரண்டு.

சட்டைப் பையைத் துழாவினாள். மெலிந்த ஸ்க்ரூடிரைவர் ஒன்று. அதைக் கைப்பிடித் துளைக்குள் நுழைத்தாள். பாதி போய் இடித்தது. திருகினாள். உள்ளங்கை வழுக்கியது. ஒரு நெம்பு, அடிவரை இறங்கியது.

வெறுங்கைகளை விரித்துத் தோளுக்கு மேலே தூக்கினாள்.

"மூணும் உள்ள," என்றாள். அழுகை வந்தது. "பாருங்க சார். மூணும் உள்ள இருக்கு. விட்டுடுங்க."

பனிக்குள் ஏதோ முன்னால் சாய்ந்து எட்டிப் பார்ப்பது போல் சீட்டு கிரீச்சிட்டது.

டக்.

டக்.

அவள் காத்திருந்தாள்.

மூன்றாவது வரவில்லை.

கண் இருட்டிக்கொண்டு வரும்போது முகத்தில் காற்றுப் பட்டது. ஓரின் மூடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான், இன்னொரு கையில் பரீட்டோ பையோடு.

"உனக்கென்ன பைத்தியமா? இந்தச் சூட்டுல மூடியப் போட்டுட்டு!"

"திறக்கல... உள்ளேர்ந்து திறக்கல..."

"ஒரு விரலால தூக்கினேன்க்கா." அவன் பார்வை அவள் முழங்கால் பக்கம் போனது. "அது என் ஸ்க்ரூடிரைவர்தானே? ஊசி எங்க?"

"கீழ விழுந்துடுச்சு."

அவளைத் தூக்கி இறக்கி உட்கார வைத்து, ஐஸைத் துணியில் சுற்றிக் கழுத்தில் வைத்தான். பிறகு டார்ச்சோடு ஏறிச் சீட்டுக்கு அடியில் தேடினான். பக்கத்தில், பெடல் சந்தில், ஒயர்க் கட்டுக்குள் எல்லாம் தேடினான். இல்லை.

"இந்தப் பின்பெல்ட்டையாவது கட்டினியா, இல்லையா?" மேலிருந்து கேட்டான்.

"முழங்கால வச்சு இறுக்கினேன்."

"கழண்டு கிடக்கே. பூட்டே திறந்திருக்கு. ரெண்டு பக்கமும் தொங்குது, எழுந்து போன மாதிரி."

மார்லிஸ் ஏணியையும் பார்க்கவில்லை, விமானத்தையும் பார்க்கவில்லை. "அப்படியே விடு. என்னைய இங்கேர்ந்து கூட்டிட்டுப் போ."

அவள் உடம்பு அனலாய்க் கொதித்தது, பேச்சு குழறியது. ஓரின் பயந்துபோனான். மருத்துவமனைக்கு என்று அவளை வண்டியில் ஏற்றிச் சரளைச் சாலையில் விரட்டினான். கதவு மூடியதுமே அவளுக்கு நெஞ்சு அடைத்தது. இடது கையைக் குறுக்கே நீட்டிக் கதவின் திறப்பான் மேலேயே வைத்துக்கொண்டாள், தேவைப்பட்டால் திறக்கலாம் என்கிற நிம்மதிக்கு.

"நாளைக்குப் பறக்க வேணாம். வித்துடலாம்," என்றாள்.

"சரிக்கா. முதல்ல பெல்ட்டப் போடு."

பெல்ட்டை எடுக்க வலது கையைத் தோளுக்கு மேலே பின்னால் நீட்டினாள்.

உள்ளங்கையில் யாரோ எதையோ வைத்தார்கள்.

விரல் நீளம். எஃகு. கை ஒட்டிக்கொள்ளும் குளிர். அதன் தலையிலிருந்து ஒரு நாடா அவள் மணிக்கட்டில் சரிந்தது.

பின்னால் கண்ணாடியில், டக் என்று ஒரு தட்டு.

அவள் திரும்பவில்லை. ஊசியை மூடிய விரல்கள் திறக்கவில்லை. பின்னால் ஒருவர் மூச்சை உள்ளே இழுத்தார், ஏதோ சொல்வதற்கு முன்னால் இழுப்பது போல.

ஓரின் பாதையிலிருந்து கண்ணை எடுக்காமல் இருந்தான். அக்காதான் என்னவோ முனகினாள் என்று நினைத்தான்.

"என்ன?" என்றான்.

பதில் சொல்லப் பக்கத்தில் ஆள் இல்லை. கதவு திறந்து காற்றில் அடித்துக்கொண்டிருந்தது.

பயப்படாதீர்கள், அவள் பிழைத்துக்கொண்டாள். திருப்பத்தில் வண்டி மெதுவாகியிருந்தது, ஓரத்தில் மணல். தோள் எலும்பும் இரண்டு விலாவும் முறிந்தன. மருத்துவமனையில் அவள் மூடிய கையைத் திறக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. உள்ளே இருந்த ஊசியின் நாடா ஈரமாக இருந்தது. வியர்வை என்றார்கள். மார்லிஸ் இப்போது வீட்டின் கதவில்லாத பின்கட்டில்தான் தூங்குகிறாள்.

விமானத்தை ஓரின் விற்றுவிட்டான். வாங்கியவர் ஓஹாயோவில் அதை ஆனந்தமாக ஓட்டுகிறார். பின்சீட்டு பெல்ட்டு கட்டினபடியே இருக்கிறதாம். கண்ணாடியில் ஒரு கீறல் இல்லையாம்.

வண்டியைத்தான் ஓரினால் விற்க முடியவில்லை. பின்னிருக்கை பெல்ட்டு, அன்றிலிருந்து, பூட்டின பூட்டாக நிற்கிறது. ஓர் ஒல்லி ஆளின் அளவுக்கு இடம் விட்டு. பொத்தானை அழுத்தினாலும் விடுவதில்லை. வெயிலில் நிறுத்திவிட்டுச் சாயங்காலம் போய்ப் பார்த்தால், பின்கதவுக் கண்ணாடியில் புதிதாக மெல்லிய கோடுகள் விழுந்திருக்கும்.

ஓரின் வெளியே நின்று துணியால் துடைத்துப் பார்ப்பான். போகாது. அவை உட்புறம் இருக்கின்றன.